புகார் டிரில்

மே 5, திங்கள்

குபேரா கார்டனின் மூன்று பிளாக்குகள், எழுபத்திரண்டு வீடுகள், இரண்டு லிஃப்ட்டுகள் (ஒன்று ஓடாது), ஒரு நீச்சல் குளம் (தண்ணீர் கிடையாது) ஆகிய அனைத்தின் மேலான கவனத்துக்கு: இன்று காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு, அடியேன் சேரலாதன், வயது பதினாறேகால், காலை நேரப் பிக்கிள்பால் குழுவின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றுக்கொண்டேன். பதவிப் பிரமாணம் எதுவும் நடக்கவில்லை. வாட்ச்மேன் அண்ணன் மட்டும் எழுந்து நின்று கொட்டாவி விட்டார். அதையே அணிவகுப்பு மரியாதையாக ஏற்றுக்கொண்டேன்.

பதவி என்னைத் தேடி வந்தது என்று எழுதத்தான் ஆசை. தேடி வந்தது தண்டனை. போன மாதம், ஓடுகிற லிஃப்ட்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன்: "எடைச் சோதனை நடைபெறுகிறது. ஏறுபவர்கள் தங்கள் எடையை உரக்கச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தவும்." இரண்டு நாள் அமோகமாக ஓடியது. சங்கச் செயலாளர் நாச்சிமுத்து அங்கிள், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், "எண்பத்தொம்பது" என்று கத்தினார். பிறகு மனசாட்சி உறுத்தி, "செருப்பக் கழட்டினா எண்பத்தெட்டர" என்று திருத்தமும் வெளியிட்டார். பக்கத்தில் நின்று காதாரக் கேட்டேன். மூன்றாம் நாள் கேமரா என்னைக் காட்டிக்கொடுத்தது.

அப்பாவின் தீர்ப்பு: "இந்த மே மாசம் முடியறதுக்குள்ள உன் மேல இன்னொரு புகார் வந்துச்சு, ப்ளஸ் டூ நாமக்கல்லதான். ஹாஸ்டல். போன் கிடையாது. ஞாயித்துக்கிழமையும் டெஸ்ட்டு."

செயலாளர் சொன்ன பரிகாரம் இது. குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நானோ பள்ளியில் டென்னிஸ் ஆடுகிறவன். "மாசம் பூரா இவனே டிரில் எடுக்கட்டுமுங்க. காலைல நேரத்துல எந்திரிச்சா பாதி சேட்டை தானா போயிரும்."

மீதிப் பாதியை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

மே 6, செவ்வாய்

இந்த நோட்டை எதிர்காலத்தில் தோண்டி எடுக்கும் அறிஞர்களுக்காக: பிக்கிள்பால் என்பது டென்னிஸுக்கும் டேபிள் டென்னிஸுக்கும் பிறந்த பிள்ளை. ஷட்டில் கோர்ட் அளவு இடம், இடுப்பு உயர வலை, அகலமான மட்டை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து. வலையை ஒட்டி இரண்டு பக்கமும் ஏழடிப் பட்டை ஒன்று உண்டு. அதற்குப் பெயர் கிச்சன். அதற்குள் நின்றுகொண்டு பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது. எங்கள் குழுவின் ஆண்கள் வீட்டிலேயே கிச்சனுக்குள் காலெடுத்து வைக்காதவர்கள். ஆகவே இந்த விதி மட்டும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிட்டது.

மொத்தம் ஒன்பது பேர். இன்று ஒவ்வொருவராக என்னோடு ஆடச் சொன்னேன். என்னைத் தாண்டி ஒரு பந்து போகவில்லை. பள்ளியில் என்னைச் சுவர் என்பார்கள்.

மே 7, புதன்

தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். போகவில்லை என்பதே மெய்.

மே 9, வெள்ளி

நோய் கண்டுபிடிக்கப்பட்டது. நோயின் பெயர் மரியாதை.

இரட்டையர் ஆட்டத்தில் பந்து இருவருக்கும் நடுவில் வந்தால், உலகமெங்கும் "எனக்கு!" என்று கத்துவார்கள். இங்கே நாச்சிமுத்து அங்கிளுக்கும் பல் டாக்டர் இம்தியாஸுக்கும் நடுவில் பந்து வந்தது.

"டாக்டரே, நீங்க எடுங்க."

"அட, பெரியவங்க நீங்க இருக்கறப்ப நான் எப்படிங்க?"

"இல்லீங்க, உங்க கை ராசியான கை."

பந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தரையில் இரண்டு முறை குதித்து உயிரை விட்டது. எதிரே இருந்தவர் சங்கடப்பட்டு, "பரவால்லீங்க, மறுக்கா போடறேன்" என்றார். கீழே விழுந்த மட்டையில் கால் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். ஒருவர் அடித்த பந்து இன்னொருவர் மேல் பட்டால் ஆட்டமே நின்றுவிடுகிறது. வலையைச் சுற்றிப் போய்த் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்பி வருகிறார்கள். போக வர ஒரு நிமிடம். "எதுக்குங்க இதெல்லாம்" என்பதற்கு ஒன்றரை நிமிடம். பக்கத்து அபார்ட்மென்ட்டிடம் பதினொன்றுக்கு ஒன்று என்று தோற்றது இப்படித்தான். அந்த ஒன்றும் அவர்கள் பார்த்துக் கொடுத்தது.

மரியாதையில் முதல் பரிசு, அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுக் குலுக்கிச் சேர்த்த பூங்கோதை–மெர்சி ஜோடிக்கு. பூங்கோதை ஆன்ட்டி எங்களுக்கு நேர் மேல் வீடு, 302. மில் ஆபீஸ் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். மெர்சி ஆன்ட்டி அதே மாடியில் எதிர்வீடு, 301. நாகர்கோவில்காரர், ஏதோ ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். எங்கள் பிளாக்கில் மாடிக்கு இரண்டே வீடு. இவர்கள் நடுவில் பந்து வந்தால் "நீங்க எடுங்க" என்றுகூடச் சொல்வதில்லை. ஆளுக்கொரு திசையில் வானத்தைப் பார்க்கிறார்கள். இப்படியோர் அடக்கத்தை நான் கண்டதில்லை.

மே 13, செவ்வாய்

சர்வீஸ் போடும் முன் பந்தின் ஓட்டைகளை எண்ண வேண்டும், அது சர்வதேச விதி என்று அறிவித்தேன். எண்ணினார்கள். ஒன்பது பேரும்.

"நாப்பதுங்க தம்பி" என்றார் டாக்டர். "அதுல ஒண்ணு மண்ணு அடைச்சிருக்கு. எடுத்துரலாமா, இல்ல அப்படியே ஃபில்லிங்னு விட்டுரலாமா?"

இந்த மனிதர்களை ஏமாற்றுவதில் சவாலே இல்லை. திறமை வீணாகிறது.

மே 15, வியாழன்

இன்று நான் கண்டுபிடித்தது உலகப் புகழ் பெறும். புகார் டிரில்.

"எதிர்ல நிக்கிறவங்க மேல உங்களுக்கு ஒரு புகார் இருக்கும்ல? அதக் கத்திக்கிட்டே பந்த அடிக்கணும். கத்தாம அடிச்சா செல்லாது. அடிக்காம கத்துனாலும் செல்லாது."

முதலில் யாருக்கும் யார் மேலும் புகாரே இல்லை. "எல்லாரும் தங்கமான மனுசங்கதானுங்க" என்றார் நாச்சிமுத்து அங்கிள். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவைத் தினமும் படிக்கும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் இதை ஆரம்பித்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "அங்கிள்… தப்பா எடுத்துக்காதீங்க… ஞாயித்துக்கிழமை மத்தியானம் சுவத்துல டிரில்லிங் மிஷின் போடறீங்க!" பட்! பந்து வலையை உரசிக்கொண்டு பறந்தது.

"ஏனுங் டாக்டரே, நீங்க வாரம் பூரா ஊர்சனம் வாயில போடறீங்களே, நான் கேட்டனா!" படார்!

"பால்கனில துணி பிழியறீங்க, சொட்டுச் சொட்டா என் மாமியார் தலைல விழுது!" பட்!

"உங்க நாய் என் வண்டி டயரத்தான் தேடி வருது! வேற டயரே இல்லையா இந்த ஊர்ல!" படார்!

இருபது நிமிடம் பந்து தரையிலேயே நிற்கவில்லை. எல்லோரும் வியர்த்து, சிவந்து, பத்து வயது குறைந்து நின்றார்கள். "ஏதோ வயித்துப் பொருமல் எறங்கினாப்பல இருக்குதுங்க" என்றார் அங்கிள். நாளை என்னைத் தோளில் தூக்குவார்கள்.

மே 16, வெள்ளி

இன்று பூங்கோதை ஆன்ட்டியையும் மெர்சி ஆன்ட்டியையும் எதிரெதிரே நிற்க வைத்தேன்.

மெர்சி ஆன்ட்டி மெதுவாகத் தட்டினார். "லிஃப்ட்டுல என்னயக் கண்டா எறங்கிப் படியேறிப் போறியளே. நான் என்ன செஞ்சேன்?"

பூங்கோதை ஆன்ட்டி அடித்த அடியில் மட்டை விசிறிய காற்று என் மேல் பட்டது. "என் கதவுல சீட்டு ஒட்டுனீங்களே! நான் பாடுனா உங்க வீட்டுப் பால் திரியுதுன்னு! மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பனே!"

பந்து மெர்சி ஆன்ட்டியின் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. யாரும் சுற்றிப் போய்த் தொட்டுக் கும்பிடவில்லை.

"எந்தச் சீட்டு?" என்றார் மெர்சி ஆன்ட்டி.

இன்று வெயில் அதிகம். பயிற்சியைச் சீக்கிரமே முடித்துவிட்டேன். அப்போது மணி 6.25.

மே 17, சனி

தலைவலி. டிரில் இல்லை.

மே 19, திங்கள்

அந்தச் சீட்டைப் பற்றி அபார்ட்மென்ட் முழுக்கப் பேச்சு. போன வருடம் மார்ச்சில் 302-ன் கதவில் ஒட்டப்பட்டதாம். பூங்கோதை ஆன்ட்டி அதை வரிக்கு வரி மனப்பாடமாக ஒப்பித்தார்: "உங்கள் வீட்டில் சரளி வரிசை. எங்கள் வீட்டில் பால் வரிசையாகத் திரிகிறது. தயவுசெய்து நிறுத்தவும். இப்படிக்கு, எதிர்வீடு." கோணல்மாணலான கையெழுத்தாம். மெர்சி ஆன்ட்டி பைபிள் மேல் சத்தியம் செய்கிறார். பூங்கோதை ஆன்ட்டி நம்பவில்லை. எதிரே இருப்பது ஒரே வீடுதானே.

யாரோ ஒரு விஷமி வேலை. ஆனால் நடுநிலையோடு பார்த்தால், எழுதியவருக்கு மொழி வளம் இருந்திருக்க வேண்டும். "வரிசையாகத் திரிகிறது" என்பது சாதாரண ஆளுக்கு வராது.

மே 20, செவ்வாய்

அம்மாவிடம் தற்செயலாகக் கேட்டேன். "மேல் வீட்டு ஆன்ட்டி இப்பல்லாம் பாடறதில்லயாம்மா?"

"இப்பத்தான் காது கேக்குதா உனக்கு? நீ பத்தாவது எழுதறப்பவே நிறுத்திட்டாங்க. வேலைய விட்டதும் அவ்வளவு ஆசையா பாட்டு கிளாஸ்ல சேந்தாங்க, பாவம். காலைல அஞ்சரைக்கு ஆரம்பிச்சிருவாங்க. பாட்டு டீச்சர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டும் போகல. மெர்சியும் அவங்களும் எப்படி இருந்தாங்க தெரியுமா? மழை பேஞ்சாலும் ஒரே குடைக்குள்ள நடப்பாங்க."

"ஓ" என்றேன்.

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பீன்ஸ் நறுக்கப் போய்விட்டார்.

மே 22, வியாழன்

சரி. என் வாதங்களையும் பதிவு செய்ய வேண்டும்.

ஒன்று: அப்போது எனக்கு வயது பதினைந்து. இரண்டு: காலை ஐந்தரை மணிக்குச் சமையலறை ஜன்னல் வழியாக ச ரி க ம இறங்கி வந்தால், அதுவும் ஒரே இடத்தில் தடுக்கித் தடுக்கி வந்தால், பரீட்சைக்குப் படிக்கிறவன் என்ன செய்வான்? (படிக்கவில்லை. தூங்கினேன். இருந்தாலும்.) மூன்று: "எதிர்வீடு" என்று போட்டது நகைச்சுவைக்காக. ஆன்ட்டி சிரித்துவிட்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆளைத் தேடுவார்கள் என்று நினைத்தேன். தேடவே மாட்டார்கள், பேச்சையே நிறுத்திவிடுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இடது கையால் எழுதியது அவ்வளவு நன்றாக வந்திருக்கக் கூடாது.

மூன்று வாதமும் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. சொல்லிப் பார்த்தால் நன்றாக இல்லை.

சொன்னால் பூங்கோதை ஆன்ட்டி புகார் கொடுப்பார். கொடுத்தால் நாமக்கல். மாதம் முடிய ஒன்பது நாள்.

மே 26, திங்கள்

மெர்சி ஆன்ட்டி இன்று டிரில்லுக்கு வரவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்கிறாராம். முப்பத்தொன்றாம் தேதி லாரி.

"செய்யாத தப்புக்கு டெய்லி எதிர்ல மொறச்ச மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்க முடியாதுன்னுட்டாங்க" என்றார் அம்மா.

பூங்கோதை ஆன்ட்டி மட்டும் வந்தார். நான் சொன்ன எல்லா டிரில்லையும் செய்தார். போகும்போது, "உன் டிரில்லாலதான் கண்ணு, பதினாலு மாசமா உள்ளுக்குள்ள வெச்சிருந்தத வெளிய சொன்னேன்" என்று என் தலையில் கை வைத்தார். "ஆனா சொன்னப்பறமும் நிம்மதி இல்ல பாரேன். அந்தப் புள்ள எந்தச் சீட்டுன்னு கேட்டப்ப அது மூஞ்சி பொய் சொல்ற மூஞ்சியா தெரியல."

தலை இன்னும் கனக்கிறது.

மே 28, புதன்

இன்று நான் செய்தது அபார்ட்மென்ட் வரலாற்றில் நிற்கும்.

காலை ஆறு மணி. கோர்ட்டின் நடுவில் போய் நின்றேன். காகங்கள் அமைதியாயின. "அந்தச் சீட்டை எழுதியவன் நான்தான்!" என்று மூன்று பிளாக்கும் கேட்க முழங்கினேன். என் குரல் நடுங்கவில்லை. பூங்கோதை ஆன்ட்டியின் கண்களில் நீர். மெர்சி ஆன்ட்டி ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "இந்த வயசுல இப்படியொரு தைரியமா!" என்று நாச்சிமுத்து அங்கிள் கைதட்டினார். நான் தலையை லேசாக அசைத்து ஏற்றுக்கொண்டேன்.

மே 29, வியாழன்

நேற்று எழுதியதில் தேதி மட்டும் சரி.

நேற்று நான் கோர்ட்டுக்கே போகவில்லை. வயிற்றுவலி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கிய நேரத்தில், ஒரு பழைய தாளை இரண்டாகக் கிழித்து, இரண்டு துண்டிலும் "போன வருடச் சீட்டை எழுதியது எதிர்வீடு அல்ல, நான். மன்னிக்கவும்" என்று எழுதி, 301-லும் 302-லும் ஒட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். பெயர் போடவில்லை. இதைவிடக் கச்சிதமான மன்னிப்பு உண்டா? உண்மையும் சொல்லியாயிற்று, நாமக்கல்லும் இல்லை.

இன்று மாலை காலிங்பெல். திறந்தால் இரண்டு ஆன்ட்டிகளும். சேர்ந்து.

நடந்தது இதுதான். சீட்டைப் பார்த்ததும் பூங்கோதை ஆன்ட்டி பதினாலு மாதத்தில் முதன்முறையாக எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார், "உங்களுக்கும் வந்துச்சா" என்று கேட்க. மெர்சி ஆன்ட்டி தன் துண்டை எடுத்து வந்திருக்கிறார். மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கிழிசல் பொருந்துகிறது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் பொருந்துகிறது. பின்பக்கம்: கெமிஸ்ட்ரி அரையாண்டுத் தேர்வு விடைத்தாள். பெயர்: சேரலாதன். மதிப்பெண்: எழுபதுக்கு இருபத்தேழு.

அப்பாவிடம் நான் சொல்லியிருந்தது ஐம்பத்தேழு.

அப்பா ஹாலில் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க வாங்க, என்ன விசேஷம்?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க, தம்பியக் கொஞ்சம் பாக்கணும்" என்றார் பூங்கோதை ஆன்ட்டி. என்னைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மூக்கிலிருந்து மட்டும் ஏதோ வந்தது.

"அழுவாத. நான் பதினாலு மாசம் வாயத் தொறக்கல, தெரியுமில்ல? அப்ப நீ எங்க இருந்த?" பூங்கோதை ஆன்ட்டியின் குரலில் 'கண்ணு' இல்லை.

மெர்சி ஆன்ட்டி விடைத்தாளின் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். "இருபத்தேழே கூடுதலாக்கும். நான் திருத்தியிருந்தா இருபத்திரெண்டு. மூணாவது கேள்விக்கு நீ எழுதினது கெமிஸ்ட்ரியே இல்ல மக்கா, கதை."

"எங்களக் கத்திக்கிட்டே அடிக்கச் சொன்னியல்ல? நாளைக்கு நீ அடி" என்றார் பூங்கோதை ஆன்ட்டி. "பன்னெண்டு பந்து போடுவேன். ஒவ்வொண்ணுக்கும் என்ன செஞ்சேன்னு சத்தமா சொல்லிக்கிட்டே அடிக்கணும். எல்லாரும் இருப்பாங்க. ஒண்ணே ஒண்ணு உள்ள விழுந்தாலும் உங்கப்பாகிட்ட நாங்க யாரும் வாய் தொறக்க மாட்டோம். ஒண்ணுகூட விழலைன்னா சீட்டு, மார்க்கு, எல்லாம் அவர் கைக்குப் போகும்."

"எல்லாமும்" என்றார் மெர்சி ஆன்ட்டி.

பன்னிரண்டில் ஒன்று. சுவருக்கு இதெல்லாம் ஒரு சவாலா?

மே 30, வெள்ளி

ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். பூங்கோதை ஆன்ட்டி வலைக்கு அந்தப் பக்கம் நின்று பந்தைக் கையால் போட்டார். மெர்சி ஆன்ட்டி கடைசிக் கோட்டருகே, உள்ளேயா வெளியேயா என்று பார்க்க. லாரிக்காரனுக்கு இன்னும் போன் செய்யவில்லை, முடிவைப் பார்த்துவிட்டுச் செய்வேன் என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

முதல் பந்து. "அந்தச் சீ…" வலை.

"கத்தாம அடிச்சா செல்லாது" என்றார் பூங்கோதை ஆன்ட்டி.

இரண்டாவது, வலை. மூன்றில் மட்டை பந்தைத் தொடவேயில்லை. நான்காவதில் "சீட்ட ஒட்டினது" வரை வந்தேன், "நான்" வரவில்லை. "தம்பி, வாய நல்லா தொறங்க" என்றார் டாக்டர், தொழில் பழக்கத்தில். பதினோராவது வரை எல்லாம் வலையிலேயே போய்த் தேங்கின. ஒரு சொல் தொண்டையில் நின்றால் மணிக்கட்டு இப்படிக் கல்லாகிவிடும் என்று எந்தக் கோச்சும் எனக்குச் சொன்னதில்லை.

பன்னிரண்டாவது பந்து. பூங்கோதை ஆன்ட்டி உடனே போடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாகத்தான்.

"நான்தான் எழுதினேன்! உங்க பாட்ட நிறுத்தினது நான்தான்! மெர்சி ஆன்ட்டி இல்ல!"

கத்திய வேகத்தில் பந்து வலையைத் தாண்டிப் பறந்து கடைசிக் கோட்டருகே விழுந்தது.

"அவுட்டு!" என்றார் மெர்சி ஆன்ட்டி.

"உள்ள!" என்றார் பூங்கோதை ஆன்ட்டி.

"கோட்டுப் பக்கத்துல நிக்கிறது நான். நல்லாப் பாத்தேன், வெளிய."

"உங்களுக்கு எப்பவுமே கண்ணு கொஞ்சம் அப்படித்தான். அன்னிக்கு மருதமலைல பஸ் நம்பரயே தப்பா பாத்தீங்க."

"அது பஸ்காரன் போர்டு மாத்தாதது! அதுக்கு நான் என்னத்த செய்ய?"

"நான் சொல்றேன், உள்ள. கோட்டுத் தூசி பறந்துச்சு."

"தூசி பறந்தா உள்ளயா? ஏ அம்மா, இவிய கூட ஒரு வருசமா பேசாம இருந்ததே நல்லதாக்கும்!"

"அப்ப போங்க! லாரிக்காரனக் கூப்பிடுங்க!"

"கூப்பிட மாட்டேன்! இத முடிச்சிட்டுத்தான் மறுவேலை!"

நாச்சிமுத்து அங்கிள் "மறுக்கா போட்டுரலாமுங்க" என்று பாய்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அவரை அடக்கினார்கள். ஏழு மணிக்குக் கோர்ட்டை விட்டு வெளியே வந்தும் ஓயவில்லை. லிஃப்ட்டில் இரண்டு பேரும் ஒன்றாகவே ஏறினார்கள். இப்போது மணி பன்னிரண்டு. மேலே 302-ல் இன்னும் சத்தம் கேட்கிறது. விடைத்தாள் அப்பாவிடம் வரவில்லை. முடிவு தெரியாமல் கொடுக்க மாட்டார்களாம்.

பந்து வெளியேதான் விழுந்தது. மூன்று விரல் அளவு வெளியே. அடித்த எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாய் வரை வந்தது. உண்மையைச் சொன்னால் சண்டை முடிந்துவிடும், பதினாலு மாதத்துக்கு அப்புறம் பேச ஆரம்பித்தவர்கள் மறுபடி மௌனமாகிவிடுவார்கள், அதனால்தான் சொல்லவில்லை என்று இங்கே எழுதியிருந்தேன். பெருந்தன்மையாகத் தெரிந்ததால் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டேன்.

பயத்தில்தான் சொல்லவில்லை. பள்ளியில் என்னைச் சுவர் என்று யாரும் சொன்னதில்லை. ஆடுவதற்கு ஆள் கிடைக்காத நாட்களில், நான் பந்தடித்தது சுவரோடு.